மாடு ஒரு காலையில் சொன்னது

கல்லூரியில் நான் மொழியியல் நடத்துகிறேன். விலங்குகளின் தொடர்பையும் மனித மொழியையும் ஒப்பிடும் வகுப்பில் மட்டும் என் குரல் தானாக உயரும். மாடு பசித்தால் கத்தும், பயந்தால் கத்தும், அவ்வளவுதான். நேற்று நடந்ததையும் நடக்காததையும் சொல்ல மனிதனால்தான் முடியும் என்று முழங்குவேன். பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். மாலையில் இண்டூர்ப் பக்கம் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினால் எங்கள் மாடு என்னை ஏறிட்டும் பார்க்காது.

அது என் மனைவியின் மாடு. கன்றாக வந்த நாளிலிருந்து அவள்தான் வளர்த்தாள். இரண்டு முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. "இன்னும் ஒரு தடவ பாக்கலாங்க. இதுவும் நிக்கலைன்னா சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்" என்று சொன்ன அன்று அவள் சாப்பிடவே இல்லை.

மாடு பருவத்துக்கு வரவேண்டிய வாரம் பார்த்து அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அரூருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"காலைல கத்துனா சாயங்காலம் ஊசி போடணும். சாயங்காலம் கத்துனா மறுநா காலைல. கத்துனதும் மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணிருங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். யாரிடம் வந்து பாடம் நடத்துகிறாள் என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வேறு.

மறுநாள் விடிந்ததும் மாடு கத்தியது. நான் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பொருள், மேலே சொன்ன அதே ஒப்பீடு. பசிதான் என்று முடிவுகட்டி வைக்கோல் போட்டேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் வைத்தேன். வாளியை முட்டித் தள்ளியது. பத்து மணிக்கு அது தொண்டை கிழியக் கத்தியபோது, ஜன்னலைச் சாத்திவிட்டு, 'விலங்கொலிகளில் பொருள்வளம் குறைவு' என்று எழுதினேன்.

மாலை ஐந்து மணிக்கு மனைவி போன் செய்தாள். என் போதாத காலம், சரியாக அப்போது மாடு கத்தித் தொலைத்தது.

"கத்துதே! எப்ப இருந்துங்க?"

அது பருவத்துக்குக் கத்துகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து என்றால், ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். "இப்பத்தான் ஆரம்பிச்சிது" என்றேன். ஒரு தடுமாற்றம் இல்லை.

அவளே மருத்துவரிடம் பேசினாள். இப்போதுதான் கத்துகிறது என்றால் மறுநாள் காலை வந்தால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். நேரம் தவறுகிறது என்று எனக்குத் தெரியும். அவர் நம்பரைத் தேடி எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டுரைக்குத் திரும்பினேன். காலையில் அவர் வந்து ஊசி போட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் மாடு மறுபடி கத்தியது. ஊசி பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதை மட்டும் நான் உடனே புரிந்துகொண்டேன்.

மனைவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உனக்குத்தான் ஏதோ கொறை சாமி. நான் என்ன பண்ணட்டும்?" என்று அழுதாள். அழுதுகொண்டே மாட்டு வியாபாரியைக் கூப்பிடப் போனை எடுத்தாள். மாடு அவள் தோளில் முகத்தை வைத்து நின்றது. என் குற்றத்தை அது சுமப்பதைப் பார்க்க எனக்கு உடம்பே கூசியது.

"போனை வை. கொறை அதுக்கில்ல. அன்னிக்கு அது விடிஞ்சதுல இருந்து கத்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வழக்கம்போல விளக்கவும் தொடங்கினேன்: கட்டுரை, கடைசித் தேதி, வேலைப் பளு. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வியாபாரிக்குப் பதில் மருத்துவரைக் கூப்பிட்டு, "காலைல இருந்து கத்துதுங்க, சாயங்காலம் வந்துருங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அது அன்னிக்குக் காலைலயே சொல்லிருச்சு. உங்களுக்கு மூணு வாரமாச்சா?"