வெந்நீரக்காவும் மாமியார் குதிரையும்

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிய பிறகுதான் குதிரையின் கழுத்தில் கை வைப்பாள். காதுக்குக் கீழே தொடங்கித் தோள் வரை விரல்கள் மெல்ல இறங்கும். முந்தின நாள் ஊசி போட்ட இடம் வந்ததும் நின்றுவிடும். கல்லாக இறுகியிருக்கிறதா, பிசைந்த மாவாகக் குழைகிறதா, தொட்டால் தோல் சிலிர்க்கிறதா என்று பார்ப்பாள். "சில்லுன்னு கை வெச்சா யாருக்குத்தான் புடிக்கும்? டாக்டர் முதுகுல குழாயை வெக்கும்போது நாம துள்ளலையா?" என்பாள். வீக்கம் தட்டுப்பட்டால் வாளி வரும். வாளியில் வெந்நீர், வெந்நீரில் மடித்த துணி. அந்த வாளி இல்லாமல் அவளைப் பார்த்தவர் குறைவு. மருந்துப் பண்ணை முழுவதும் அவளுக்கு வெந்நீரக்கா என்றே பெயர். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பண்ணைக் குதிரைகள் சவாரிக்கும் இல்லை, பந்தயத்துக்கும் இல்லை. பாம்புக்கடிக்கு மருந்து அவற்றின் ரத்தத்திலிருந்து வருகிறது. விஷத்தை மிகவும் நீர்க்கச் செய்து, துளியிலும் துளியாகக் குதிரையின் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு, பிடித்து முடக்குவதற்கு எதிர்ப்பான்களை உண்டாக்கும். விஷத்தின் அளவைக் கூட்டக் கூட்ட எதிர்ப்பான்களும் பெருகும். பிறகு கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் மஞ்சள் நீரை மருந்தாக்க அனுப்புவார்கள்.

வெந்நீரக்கா இதைச் சொல்லும் விதமே வேறு. "புதுசா ஒருத்தன் வாசல்ல வந்து நின்னா நாய் குலைக்கும், அவ்வளவுதான். ரெண்டாவது தடவை வந்தா மூஞ்சி ஞாபகம் வெச்சுக்கும். அதுக்கப்புறம் அவன் தெரு முனையில திரும்பும்போதே தயாரா நிக்கும். உடம்பும் அப்படித்தான்."

குதிரைகளுக்குப் பெயர் வைப்பதும் அவள்தான். அவற்றில் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரைக்கு மாமியார் என்று பெயர். புல்லைப் போட்டால் முகர்ந்து பார்த்துப் பாதியை ஒதுக்கும். தொட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிரப்பினாலும், குடிப்பதற்கு முன் ஒரு பார்வை பார்க்கும். அதனிடம் அவள் பேசுவது மரியாதை குறையாத பேச்சு. "அத்தே, கொஞ்சம் அசையாம நில்லுங்க. ஊசி போட்டது டாக்டரம்மா, என்னை ஏன் முறைக்கிறீங்க?"

ஒருமுறை பண்ணைக்கு வந்த அவள் கணவர் இதைக் கேட்டுவிட்டார். "எங்கம்மாவை ஒரு நாளாவது இவ்வளவு பாசமா கூப்பிட்டிருக்கியா?"

"உங்கம்மா ஒரு நாளாவது எனக்குக் கழுத்தைக் காட்டியிருக்காங்களா?"

குதிரை தானாக வந்து கழுத்தைக் காட்டினால் நம்பிவிட்டது என்று பொருள். மாமியார் அவளைத் தவிர வேறு யாருக்கும் காட்டியதில்லை.

அவளைப் பாம்பு கடித்தது புல்கட்டு அறையில். பண்ணையில் பாம்பு வளர்ப்பதில்லை. எலியைத் தேடி வந்த வெளிப்பாம்பு. அவள் ஓடவில்லை, அலறவில்லை. கடிபட்ட கையை ஆட்டாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆள் கூப்பிட்டாள். மருத்துவமனையில் மருந்துப் புட்டியைத் தொங்கவிட்டபோது, சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து நர்ஸிடம் சொன்னாளாம்: "நம்ம வீட்டுச் சமையல்தாம்மா, இறங்கட்டும்."

பிழைத்து வீட்டுக்கு வந்தாள். கை வீக்கமும் வடிந்துவிட்டது. ஒரு வாரம் கழிந்ததும் உடம்பெங்கும் கயிற்றால் அடித்ததுபோல் தடிப்புகள் கிளம்பின. காய்ச்சல், முட்டிக்கு முட்டி வலி, தாங்க முடியாத அரிப்பு. தடிப்பைப் பார்த்ததும் அவள் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, கழுத்திலும் தோளிலும் நன்றாக ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். தடிப்பு ரத்தச் சிவப்பாகி, அரிப்பு இரண்டு மடங்காயிற்று. பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் ஓடி வந்தார். "ஏம்மா, உன்னைக் குதிரைன்னே முடிவு பண்ணிட்டியா?" என்று கடிந்துகொண்டே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் விளக்கினார். மருந்தில் எதிர்ப்பான்களோடு குதிரையின் புரதமும் இருக்கிறது. விஷத்தை முடக்கி உயிரைக் காப்பாற்றியது அந்த மருந்துதான். ஆனால் அவள் உடம்புக்குக் குதிரையும் அந்நியன். அதை எதிர்த்துத் தானாகவே எதிர்ப்பான்களை உண்டாக்கிவிட்டது. அந்தச் சண்டைதான் இந்தத் தடிப்பும் காய்ச்சலும். சில நாளில் அடங்கிவிடும்.

"காப்பாத்த வந்த ஆளையே புடிச்சுக் கட்டிருச்சா?" என்று சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "அப்ப நான் குதிரைங்க கிட்டப் போகலாமா டாக்டர்?"

"மருந்துல வந்த புரதம் வேற, குதிரையோட முடி, வேர்வை எல்லாம் வேற. ஆனா உங்க உடம்பு இப்பத்தான் முழிச்சுக்கிட்டு நிக்குது. இந்த மாத்திரையெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் போகட்டும், தோல்ல சோதனை பண்ணிப் பாப்போம். அதுல தடிப்பு வந்தா அந்த வேலையை மறந்துரணும்."

அந்த நாட்களை அவள் அண்ணனுடைய தையல்கடையில், பொத்தான் தைத்துக் கழித்தாள். ஊசியில் நூலைக் கோக்கும்போதே பண்ணையில் லாயம் பார்க்கும் பையனுக்குப் போன் போடுவாள். "மாமியார் கழுத்தைக் காட்டுதா?"

"எங்கேக்கா! கிட்டப் போனாலே கடிக்க வருது. ஊசியையே தள்ளி வெச்சிருக்காங்க."

"கையைச் சூடு பண்ணிக்கிட்டுப் போனியா?"

"தேச்சுத் தேச்சு ரேகையே போச்சுக்கா."

போனை வைத்துவிட்டு, தைத்த பொத்தானையே பிரித்து மறுபடி தைப்பாள். ஒருநாள் அண்ணன், "போயும் போயும் உன் உடம்புக்குத்தான் ஆள் அடையாளம் தெரியல பாரு" என்று ஆதங்கப்பட்டார். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "அதை வையாதண்ணே. வாசல் காக்குறவன் அசந்து தூங்கல இல்ல? ஆளை மாத்திப் புடிச்சுட்டான், அவ்வளவுதான். பாவம் அந்த ஜீவனுங்க, திரும்பத் திரும்ப ஊசி வாங்கிட்டு வாயத் திறக்காம நிக்குதுங்க. நான் ஒரே தடவைக்கு ஊரையே கூட்டிட்டேன்."

சோதனை நாளன்று நர்ஸ் அவள் முன்கையில் மூன்று சொட்டுகள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனையால் லேசாகக் கீறினாள். ஒன்று, யாருக்கு வைத்தாலும் தடிக்கக்கூடியது. ஒன்று வெறும் உப்புநீர். கடைசிச் சொட்டுதான் குதிரை, அதன் முடியிலிருந்து எடுத்த சாறு. முதலாவது கொசு கடித்ததுபோல் மேலெழும்பியது. அவள் கண் மூன்றாவதை விட்டு நகரவில்லை. இன்னொரு கை அவளை அறியாமலே மடியில் தேய்த்துச் சூடேறி, அந்த இடத்தை நோக்கிப் போயிற்று.

"தொடக் கூடாதுக்கா!"

குழந்தைபோல் கையை இழுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற அண்ணன் உள்ளே பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வந்து, அளவுகோலை வைத்து, விரலால் தடவிப் பார்த்தார். மூன்றாவது இடம் தட்டையாகவே கிடந்தது.

"போகலாம். முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்குக்கு மறைப்பு எல்லாம் வேணும். மூச்சு இழுத்தா உடனே இங்க வரணும். இனிமே பாம்பு கடிச்சா, குதிரை மருந்து ஒத்துக்கலைன்னு வாயத் திறந்ததும் சொல்லணும்."

"கடிக்காம இருக்கச் சொல்லிப் பாம்புகிட்ட யாரு சொல்றது டாக்டர்?"

வெளியே வந்ததும் அண்ணன் ஒரு பையை நீட்டினார். மணிக்கட்டில் பொத்தான் வைத்த முழுக்கைச் சட்டைகள், கழுத்துவரை மூடும்படி தைத்தவை.

"சோதனைக்கு முன்னாடியே தெச்சுட்டியா? தடிப்பு வந்திருந்தா?"

"நானே போட்டுக்கலாம்னுதான்" என்றார், தங்கையின் தோள் அளவுக்குத் தைத்த சட்டையைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலை அவள் லாயத்துக்குள் நுழைந்தபோது மாமியார் காதுகளைப் பின்னுக்கு மடித்தது. அவள் வழக்கம்போல் கைகளைத் தேய்த்தாள். ரப்பர் கையுறை கிறீச்சிட்டது. அந்த வழவழப்பான, வாசனை மாறிய கையைக் குதிரைக்கு அடையாளம் தெரியவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு ஓரடி பின்வாங்கியது. பண்ணை டாக்டரம்மா ஊசியோடு கதவருகே காத்து நின்றார்.

வெந்நீரக்கா வாளியைக் கீழே வைத்தாள். அண்ணன் தைத்த மேல் பொத்தானைக் கழற்றினாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, தன் கழுத்தைக் குதிரையின் பக்கம் நீட்டினாள். மாமியாரின் மூக்கு அவள் காதுக்குக் கீழே வந்து நின்றது. வெதுவெதுப்பான மூச்சோடு மெல்லத் தோள் வரை இறங்கியது.

"நல்லாப் பாத்துக்கோங்க அத்தே. வீக்கம் இல்ல."