வயதான எலிகளின் நீச்சல்

நாற்பத்தெட்டு வயதில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். என் கைடு என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை ‘சார்’ என்பேன், அவர் என்னை ‘மேடம்’ என்பார். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் யார் மாணவி, யார் ஆசிரியர் என்று தெரியாமல் என்னிடம்தான் முதலில் கையெழுத்துக் கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவரைக் கை காட்டுவேன்.

அதுவரை கடலூரில் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். மகள் படித்து வேலைக்குப் போனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, காலையில் கடலூர் முதுநகரில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்துச் சிதம்பரம் போகத் தொடங்கினேன். வயதாக ஆக மூளையில் என்ன நடக்கிறது, புதிதாகக் கற்பதும் கற்றதை நினைவில் வைப்பதும் எப்படி மாறுகின்றன என்று எலிகளை வைத்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு இது தீராத வேடிக்கை.

“நான் கடையில எலிய ஒழிக்க மருந்து வாங்கி வைக்கிறேன். நீ அங்க போயி அதுக்குத் தொட்டி கட்டி நீச்சல் வுடுற. நல்ல குடும்பம்மா இது!” என்பார்.

வயதான எலி கேட்டவுடன் கிடைக்கிற பொருள் அல்ல. குட்டியாக இருந்து வளர்த்து, அது கிழடாகும்வரை நாமும் கூடவே இருக்க வேண்டும். வெள்ளை எலிக்கு இரண்டு வருஷம் என்பது நல்ல முதுமை. அந்த இரண்டு வருஷமும் தீனி வைத்தேன், எடை பார்த்தேன், கூண்டுக்கு அடியில் போடும் உமியை மாற்றினேன். பளிச்சென்றிருந்த ரோமம் பழுப்பேறியது. முதுகு அகன்றது. கூண்டைத் திறந்தால் பாய்ந்து வந்தவை, மூக்கை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன.

இடையில் நானும் படிக்க வேண்டியிருந்தது. புள்ளியியல் மென்பொருள் எனக்கு வரவே இல்லை. லால்பேட்டையிலிருந்து வரும் சக ஆய்வாளர் ஒருத்திதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். என் மகள் வயதுதான் அவளுக்கும். ஒரே விஷயத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்பதை நினைத்து வெட்கப்பட்டபோது, “கேளுங்கக்கா, என்னா இப்போ? ஒங்களுக்கு ஏற டயம் ஜாஸ்தி ஆவுது, அவ்ளோதான். ஏறுனா எறங்க மாட்டேங்குது. போன மாசம் நான் சொன்னத நீங்கதான எனக்கே எடுத்துக் குடுத்தீங்க!” என்றாள். அது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. ஏனென்றால் அந்த நாட்களில் என் மூளையைப் பற்றி எனக்கே ஒரு பயம் இருந்தது. ரயிலில் தினமும் பார்க்கிற பெண்ணின் பெயர் வாய்க்கு வராவிட்டால்கூட, அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

சோதனை இதுதான். பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பால் பவுடர் கரைத்து வெள்ளையாக்கிவிடுவோம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சின்ன மேடை இருக்கும். எலி நீந்தி அதைத் தேடி ஏறிக்கொள்ள வேண்டும். அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களை அடையாளம் வைத்து, இடத்தை அது நினைவில் கொள்ளும். இளசுகள் சில நாட்களிலேயே அம்பு போலப் போய் ஏறிவிட்டன. வயதானவை தொட்டியின் விளிம்பை ஒட்டியே சுற்றின. அதில் ஒன்று நீந்தவே இல்லை. கால்களைப் பரப்பிக்கொண்டு அப்படியே மிதந்தது.

மழைக்காலம் அது. சார் எட்டிப் பார்த்துவிட்டு, “அது கத்துக்காது மேடம். கணக்குலேர்ந்து எடுத்துடலாம்” என்றார்.

மிதந்த எலியை எடுத்து டவலில் சுற்றினேன். என் கைக்குள் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. முன்பு துடைத்துவிட்ட இளசுகள் அதற்குள் கூண்டில் தீனி தின்றுகொண்டிருந்தன. இதன் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. டவலோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

“சார், இது மறந்துபோய் மிதக்குதா, குளுரு தாங்காம மிதக்குதா?”

அவர் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். மறுநாள் ஹீட்டர் போட்டுத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கினோம். ஒரு தடவை நீந்தியதும் நன்றாகத் துடைத்து, உடம்பு சூடேறும்வரை விட்டு, அப்புறமே அடுத்த தடவை இறக்கினோம். மிதந்த எலி கால்களை அடிக்கத் தொடங்கியது. விளிம்பை விட்டு நடுவுக்கு வந்தது. மேடையைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தது என்றாலும், அதன்மேல் ஏறி நின்று மீசையைத் துடைத்துக்கொண்டபோது லால்பேட்டைப் பெண் கை தட்டிவிட்டாள்.

சார் ரீடிங் நோட்டைப் புரட்டினார். “அப்படின்னா இதுவரைக்கும் எடுத்த ரீடிங் எதுவும் ஒதவாது. இளசு, பெருசு ரெண்டுக்கும் முதல்லேர்ந்து பண்ணணும். உங்களுக்குத்தான் லேட் ஆகும், பரவாயில்லையா?”

“எனக்கென்னா சார் அவசரம்? பண்ணிடலாம்” என்றேன். சொன்ன பிறகு ரயிலில் வரும்போது கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது.

நல்லவேளை, சில மாதங்கள் தாமதமாகப் பிறந்த எலிகள் பக்கத்துக் கூண்டுகளில் முதுமைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றை வைத்துப் புதிதாகத் தொடங்கினோம். மேடைமேல் கொடி நட்டு, கண் தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டோம். இந்தத் தடவையும் வயதானவை இளசுகளைவிட மெதுவாகத்தான் கற்றன. முதுமை பொய் இல்லையே. ஆனால் அவை எல்லாமே ஒரே மாதிரி இல்லை. சில கிழடுகள் இளசுகளுக்குச் சரியாகப் போட்டி போட்டன, சில கடைசிவரை திணறின. ஒரே தீனி, ஒரே அறை, ஒரே வயது. இருந்தும் இத்தனை வித்தியாசம்.

பிறகு மேடையை எதிர்ப்பக்கம் மாற்றி வைத்தோம். வயதான எலிகள் பழைய இடத்துக்கே போய் அங்கேயே வட்டமடித்தன. அந்தச் சமயத்தில்தான் நாங்கள் முதுநகர் வீட்டைக் காலி செய்துவிட்டு, கடலூரிலேயே மஞ்சக்குப்பத்துக்கு மாறியிருந்தோம். ஒருநாள் சாயங்காலம் கணவர் போன் செய்தார்.

“ஏம்மா, கதவு பூட்டிக் கெடக்குது, எங்க போயிட்ட?”

“நான் வீட்லதான் இருக்கேன். நீங்க எங்க நிக்கிறீங்க?”

“இரு, பாக்குறேன்” என்றார். அப்புறம், “பழைய வூட்டு வாசல்லதான்” என்றார். வந்து சேர்ந்ததும் தொட்டியில் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மூளையைப் பார்க்க வேண்டுமானால் எலி உயிரோடு இருக்க முடியாது. மயக்க மருந்து கொடுக்கும்போது நானே பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். என் கை அவற்றுக்குப் பழகிய கை. ஒன்றுகூடத் திமிறவில்லை. அன்று மதியம் நானும் லால்பேட்டைப் பெண்ணும் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தோம்.

நினைவுக்கு முக்கியமான பகுதி ஹிப்போகாம்பஸ். அங்கே பாதிக்குப் பாதி செல்கள் செத்துப் போயிருக்கும் என்று எண்ணித்தான் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். செல்கள் வரிசையாக, ஏறக்குறைய இளசுகளில் இருந்த மாதிரியே இருந்தன. மெலிந்திருந்தவை அவற்றுக்கு இடையிலான இணைப்புகள்தான், அதுவும் திணறிய எலிகளில் அதிகமாக. ஸ்லைடை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள், பேச்சுவார்த்தைதான் குறைந்துபோயிருக்கிறது என்று தோன்றியது. காரணம் சொல்லத் தெரியவில்லை, மனசு லேசானது. அன்று வீட்டுக்குப் போகும்போது ஸ்டேஷன் வாசலில் பண்ருட்டிப் பலாச்சுளை வாங்கி, ரயிலிலேயே பாதியைத் தின்று தீர்த்தேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று நடுவில் ஒரு சொல் வரவில்லை. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் காத்திருந்தார். பழைய பயம் இருந்திருந்தால் உளறியிருப்பேன். “ஒரு நிமிஷம் சார், வந்துடும்” என்றேன். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல் வந்துவிட்டது.

இப்போது அதே ஆய்வகத்தில் சாரோடு சேர்ந்து அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கிறேன். வெறும் கூண்டில் இல்லாமல், ஏறவும் நுழையவும் கடிக்கவும் ஏதாவது வைத்து எலிகளை வளர்த்தால் முதுமையில் அவற்றின் நினைவு எப்படி இருக்கும் என்று பார்க்கிறோம். லால்பேட்டைப் பெண் கல்யாணமாகிச் சென்னை போய்விட்டாள். கணக்கில் சந்தேகம் வந்தால் போன் போடுவேன். இன்று காலை கூண்டுகளில் அட்டைக் குழாய்களை வைத்தேன். உள்ளே புகுந்து விளையாடும் என்று எதிர்பார்த்தால், எல்லாமாகச் சேர்ந்து அதைக் கிழித்து மெத்தை போட்டுக்கொண்டு தூங்குகின்றன.