பிரேக் அக்கா மேகத்தடியில் மாட்டிக்கொண்ட கதை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பயிற்சி வண்டியில் சொல்லித்தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேலிருந்து அவள் கால் எடுத்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால் பிரேக் அக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. தெருவோரக் கோழி குறுக்கே போகலாமா என்று யோசித்தாலே வண்டி நின்றுவிடும். ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் ஸ்டியரிங் பிடித்துப் பழகினார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரர் மட்டும் லைசென்ஸ் வாங்கியதோடு சரி. "நீ பக்கத்துல உக்காந்தா எனக்கு ரோடே தெரிய மாட்டேங்குது" என்பார்.

அவளிடம் ஒருநாள் கார் பழக ஓர் ஆள் வந்தான். மலை உச்சியிலிருந்து ஹேங் கிளைடரில் பறக்கச் சொல்லித்தருபவன். அலுமினியக் குழாயில் இழுத்துக் கட்டிய முக்கோணத் துணி இறக்கை, அதன் கீழே குப்புறத் தொங்கும் மனிதன், கையில் ஒரு கம்பி, அவ்வளவுதான் அந்த வாகனம். அதில் கழுகோடு சரிக்குச் சரி சுற்றிவந்தவனுக்கு எதிரே லாரி வந்தால் மட்டும் கை வியர்த்துக் கொட்டியது. அவள் ஒரு அதட்டல் போட்டால் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைபோல "சரிக்கா" என்பான்.

"லாரிக்கு இப்படிப் பயப்படுறீங்களே மாஸ்டர், மலையிலேர்ந்து எப்படிக் குதிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"வந்து பாருங்கக்கா" என்றான்.

பார்க்கப் போனவள் பழகவே ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் கேட்ட கேள்வி, இதில் பிரேக் எங்கே என்பது. கம்பியை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் வேகம் கூடும், தள்ளினால் குறையும், மற்றதெல்லாம் காற்றின் இஷ்டம் என்று மாஸ்டர் சொன்னான். அந்தப் பதில் அவளுக்கு ஏனோ பிடித்துப்போயிற்று. சின்ன மேட்டில் ஓடி விழுந்து, முட்டி தேய்ந்து, பிறகு பெரிய மலையிலிருந்தும் சில தடவை காலை வேளையில் சறுக்கி இறங்கினாள். புதிதாகப் பறப்பவர்கள் வெயில் ஏறுமுன் தரையில் இருக்க வேண்டும் என்பது மாஸ்டரின் கண்டிப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று மலையின் பின்பக்கமிருந்து வீசியது. அது ஆகாது; முன்னாலிருந்து வந்தால்தான் இறக்கை தூக்கும். காத்திருந்து காத்திருந்து உச்சி வெயில் வந்துவிட்டது. அப்போதுதான் காற்று திசை மாறியது. சிக்னலில் கொஞ்சம் முந்திய மாணவர்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள், இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மாஸ்டர் வானத்தைப் பார்த்தான். வெள்ளை மேகங்கள் காலிஃபிளவர் மாதிரிப் புடைத்துக்கொண்டிருந்தன.

"போன்ல வானம் தெளிவுனுதான் போட்டிருக்கு" என்றார் கூட வந்திருந்த வீட்டுக்காரர், தலையைத் தூக்காமலே.

"நான் ரெடி மாஸ்டர்" என்றாள் அவள், வண்டிக்குள் பேசுகிற அதே குரலில்.

வேண்டாம் என்று சொல்ல அவன் வாய் திறந்தான். "சரிக்கா" என்றுதான் வந்தது.

நாலு எட்டு ஓடினாள், தரை விலகியது. மேலே ஏறினால் கீச்சிடும் சின்னக் கருவி ஒன்று கம்பியில் இருந்தது. அது கீச்சிட்டது. சந்தோஷமாக இருந்தது. நிறுத்தாமல் கீச்சிட்டபோது சந்தேகம் வந்தது. வழக்கமாக மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும் வீடுகள் இன்று சிறுத்துக்கொண்டே போயின. விழுந்துவிடுவாளோ என்று எத்தனையோ பேர் பயமுறுத்தியிருந்தார்கள். இறங்க முடியாமல் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மேகத்தின் அடிப்பாகம் கரிபிடித்த கூரைபோல அகன்று கிடந்தது. அது அவளை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

தலைக்கவசத்துக்குள் இருந்த ரேடியோவில் மாஸ்டரின் குரல் கேட்டது. "அக்கா, கம்பிய நெஞ்சு வரைக்கும் இழுங்க. மலைக்குப் பின்னாடி மட்டும் போயிடாதீங்க, அங்க காத்து புரட்டி எடுத்துரும். வெயில் தெரியுற பக்கமா வெளிய ஓடுங்க." இப்போது அவன் குரலில் தயக்கமே இல்லை. "சரி மாஸ்டர்" என்று யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

கம்பியை இழுத்துப் பிடித்தாள். விரல்கள் குளிரில் மரத்தன. இறக்கை படபடத்தது. வலது கால் மட்டும் தன்பாட்டுக்கு வெறும் காற்றை மிதித்துக்கொண்டிருந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு முகத்தில் வெயில் பட்டது, கீச்சொலி நின்றது. அவ்வளவு இனிமையான நிசப்தத்தை அவள் கேட்டதில்லை.

"மழைக்கு முன்னாடி ஒரு காத்து வரும், திசை பாத்து இறங்குங்க" என்றதோடு ரேடியோ கரகரத்து அடங்கியது. கீழே ஒரு மொட்டைமாடிக் கொடியில் சட்டைகள் கிழக்கே ஆடிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மேற்கே திரும்பிக்கொண்டன. தூரத்தில் புழுதி திரைபோல எழுந்து வந்தது. அவளும் அவசரமாகத் திரும்பி, காற்றுக்கு எதிர்முகமாக ஓர் உருளைக்கிழங்கு வயலில் மூக்கெல்லாம் மண்ணாக இறங்கினாள். எழுந்து நிற்குமுன் அந்தக் காற்று புயல் மாதிரி வந்து அடித்தது. இறக்கையின் முன்முனையை அமுக்கிக்கொண்டு அதன்மேலேயே படுத்துவிட்டாள்.

மண்வெட்டியோடு வந்த ஓர் அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாள்.

மலைமேல் வேறொரு சிக்கல். கார் அவளுடையது. மாஸ்டருக்கு இன்னும் லைசென்ஸ் வரவில்லை. வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் ஸ்டியரிங் பிடித்தார். கொட்டுகிற மழையில், இரண்டாவது கியரைத் தாண்டாமல், ஒவ்வொரு லாரிக்கும் மாஸ்டர் கண்ணை மூடிக்கொள்ள, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தார்கள். மண்ணும் மழையுமாக அவள் வரப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்த மறந்து கொஞ்சம் தாண்டிப்போய்த்தான் நின்றார். இறங்கி வந்து தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

இறக்கையை மடித்து மேலே கட்டினார்கள். அவள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

"நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்கா" என்றான் மாஸ்டர்.

"ஆமா, சொல்லியிருக்கணும்."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அவள் கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்தாள். "கேட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

அவள் பறப்பதை விடவில்லை. மாஸ்டருக்குத்தான் வாய் வந்துவிட்டது. மேகம் உயரமாக வளர்கிறது என்பான், காற்று விட்டுவிட்டு அடிக்கிறது என்பான், இன்றைக்கு வேண்டாம் என்பான். அவள் மறுபேச்சில்லாமல் பட்டையைக் கழற்றிவிடுவாள். அந்த வருஷம் மலையேறியது அதிகம், பறந்தது கொஞ்சம். மலைமேல் சும்மா உட்கார்ந்திருப்பதற்கென்று வீட்டுக்காரர் மடக்கு நாற்காலிகள் வாங்கிப்போட்டார். எந்தக் காற்றும் தூக்க முடியாத, நல்ல கனமான நாற்காலிகள்.