ஓரகத்தி கையில் கொடுத்தனுப்பிய வேண்டுதல்

திருச்சானூர் தாயாரை நம்பி வாழுற எல்லாருக்கும் இந்த நகரிப் பக்கத்து மருமகளோட கும்பிடு. இது வெளிய சொல்ல வெக்கப்படுற விஷயம்தான். ஆனாலும் எழுதுறேன். சொல்லாம இருந்ததாலதான் நான் சாவு வரைக்கும் போனேன்.

போன வருஷம் சித்திரையில எனக்கு உதிரப்போக்கு ஆரம்பிச்சது. நிக்கவே இல்ல. வைகாசி போச்சு, ஆனி போச்சு. மாடிப்படி ஏறினா கண்ணு இருட்டும். சாணி கூடையைத் தூக்கினா நெஞ்சு படபடன்னு அடிக்கும். துணியை அலசி, யாரும் பாக்காம மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால, ஒரு புடவைக்கு அடியில மறைச்சுக் காயப்போடுவேன்.

எங்க வீட்ல தூரமானா மூணு நாள் பின்பக்க ரூம்ல இருக்கணும். நாலாம் நாள் தலைக்கு ஊத்திக்கினு அடுப்படிக்கு வந்துடணும். நின்னுச்சா இல்லையான்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் ஒரு தடவை மெதுவா, "அத்தை, இன்னும் நிக்கல"ன்னு சொன்னேன். மாமியார் திரும்பிக்கூடப் பாக்கல. "பொம்பளைன்னா அப்டித்தான் இருக்கும். குளிச்சிட்ட இல்ல? போய் உலை வெய்யி. சாமி ரூமுக்கு மட்டும் போவாத"ன்னாங்க. சமையலுக்கு நான் சுத்தம். சாமிக்கு மட்டும் தீட்டு. அன்னையிலேர்ந்து என் கையால விளக்கு ஏத்தல. அதுதான் எனக்கு வியாதியைவிடப் பெரிய வலி.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "கடலை புடுங்கி முடியட்டும், போலாம்"னார். கடலை முடிஞ்சதும், "கரும்பு வெட்டு முடியட்டும்"னார். ஊர்ல இருக்கிற ஆர்.எம்.பி. வைத்தியர் ஒரு ஊசி போட்டார். அவர் ஆம்பளை. அவர்கிட்ட "உடம்பு அசதியா இருக்குது"ன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடிஞ்சுது.

அந்த நேரத்துலதான் என் ஓரகத்தி ஹேமா மாசமா ஆனா. என் கொழுந்தனாருக்கு ஸ்ரீசிட்டி கம்பெனி ஒண்ணுல வேலை. ஹேமா காளஹஸ்திப் பக்கத்துப் பொண்ணு, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவா. நல்லவதான். ஆனா அவளைப் பாத்தாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சுது. மறைக்கல, எழுதிடுறேன்.

அவளுக்குத் தலை வலின்னா கார் வரும். செக்கப்னா திருப்பதி. மத்தியானம் அவ படுத்தா வீட்ல மிக்சி போடக்கூடாது. சர்க்கார் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஊருக்கு வர்ற ஆஷா அக்கா வாசல்லயே உக்காந்து அவளுக்கு மட்டும் மாத்திரை எண்ணிக் குடுத்துட்டுப் போவா. பக்கத்துல முறத்தோட நிக்கிற என்னை நிமிந்து பாக்க மாட்டா. "மாதுளம்பழம் உரிச்சுக் குடு, புள்ளத்தாச்சிக்கு ரத்தம் ஊறணும்"னு மாமியார் என்கிட்டயே குடுப்பாங்க. நான் உரிப்பேன். விரலெல்லாம் சிவப்பா இருக்கும். ஊறுற ரத்தம் அவளுக்கு, போற ரத்தம் எனக்கான்னு நினைப்பேன். நான் ரெண்டு பொண்ணைப் பெத்து ஆபரேஷன் பண்ணிக்கினவ. என் வயித்தால இனிமே அந்த வீட்டுக்கு ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல. வயித்துல புள்ள இருந்தாதான் அந்த வயித்துக்கு டாக்டர்.

ஒவ்வொரு செக்கப்புக்கு அப்புறமும் அவ திருச்சானூர் போயி தாயாரைப் பாத்துட்டு வருவா. அதுதான் தாங்கல. மாட்டுக் கொட்டாய்ல நின்னு தாயாரையே கேட்டேன்: "உனக்கு வெள்ளிக்கிழமையானா மஞ்சள் என்ன, பூ என்ன! நீயும் பொம்பளைதானே? அவளுக்கு மட்டும் முகம் காட்டுற. என்னை வாசல்லகூட சேக்க மாட்டியா?" தாயார் மேலயே பொறாமைப்பட்டேன் நான்.

ஐப்பசி மாசம், நடக்கவே முடியல. அடுத்த நாள் ஹேமாவுக்குச் செக்கப். எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிஞ்சுது. நான் கோயிலுக்குள்ள போகக்கூடாது, என் வேண்டுதல் போகலாம் இல்லையா? ரோஷத்தை விழுங்கிட்டு அவகிட்ட போனேன்.

"ஹேமா, தாயார்கிட்ட எனக்காக ஒண்ணு வேண்டிக்கிறியா?"

"வேண்டிக்கிறேன் அக்கா. இன்னான்னு சொல்லி வேண்டணும்?"

"உடம்பு சரியாவணும்னு."

"அய்யோ, அங்க தள்ளுற தள்ளுல ஒரு செகண்டுதான் நிக்க விடுவாங்க. மொட்டையா உடம்புன்னா அம்மாவாருக்கு எப்டி புரியும்? ஏமைந்தி, இன்னா ஆச்சு? தலையா, காலா, எது?"

சிரிச்சுக்கினுதான் கேட்டா. நான் வாயைத் தொறந்தேன். சித்திரையிலேர்ந்து நடந்த எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவ சிரிப்பு நின்னுபோச்சு. என் கண்ணு இமையை இழுத்துப் பாத்தா. ஆஷா அக்கா அவளுக்குப் பாக்கறதைப் பாத்துப் பழகியிருக்கா. "வெள்ளையா இருக்குது அக்கா"ன்னா.

காலையில கார் வந்துச்சு. எல்லாரும் வாசல்ல. ஹேமா கார்ல ஏறாம நிக்கிறா.

"நேனு எக்கனு அத்தய்யா. அக்கா வந்தாதான் ஏறுவேன்."

"அவ எதுக்கு? மாட்டுக்குத் தண்ணி காட்டறது யாரு? நேரமாவுது, ஏறு. வயித்துல இருக்கிறது எங்க ஊட்டுப் புள்ள!"

"புள்ள உங்களதுதான். காலு என்னுது."

டிரைவரே சிரிச்சிட்டார். மாமியாருக்கு முகம் செவந்துபோச்சு. என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கினு, "போய்ட்டு வா. மாட்டை நான் பாத்துக்கிறேன்"னார். எந்தச் சலுகையைப் பாத்து நான் வெந்துபோனேனோ, அதை வெச்சே அவ என்னை அந்தக் கார்ல ஏத்தினா.

திருப்பதி ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா பாத்தாங்க. கர்ப்பப்பையில பெரிய கட்டி. உடம்புல ரத்தமே இல்லன்னு சொல்லி அன்னைக்கே படுக்க வெச்சிட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இதயம் தாங்கியிருக்காதுன்னாங்க. சேதி கேட்டு வீட்டுக்காரர் ஓடிவந்து ரத்தம் குடுக்க வரிசையில நின்னார். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் எனக்காக ஒரு வரிசையில நின்னது அதுதான் முதல் தடவை. ரத்தம் ஏத்தி, அப்புறம் ஆபரேஷன் பண்ணி, தாயார் கருணையில பொழைச்சேன்.

மாமியார் ஒருநாள் பாக்க வந்தாங்க. நான் கட்டில்ல, அவங்க ஸ்டூல்ல. என் காலைப் பாத்துக்கினே சொன்னாங்க:

"உன்னைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குது."

எனக்குப் புரியல. "இன்னா அத்தை?"

"எனக்கு உன் கொழுந்தன் பொறந்ததுலேர்ந்து கர்ப்பப்பை எறங்கி வெளிய வந்துக்கினு இருக்குது. கையால தள்ளிக்கினுதான் நாத்து நட்டேன். எனக்கு யாரு கார் புடிச்சா? எனக்காக யாரு ஏறமாட்டேன்னு நின்னா?"

அப்போதான் அவங்க குந்தாம நின்னுக்கினே வேலை செய்யறது ஞாபகம் வந்துச்சு. திமிருன்னு நினைச்சிருந்தேன்.

தாயார் நான் கேட்டதைக் குடுத்ததோட நிறுத்தல, மாமியாருக்கும் வழி காட்டினாங்க. உடம்பு தேறினதும் தை மாசம் நானும் மாமியாரும் பஸ் ஏறினோம். ஒரே நாள்ல ரெண்டு இடம். முதல்ல ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கேட்டப்போ மாமியார் முந்தானையால வாயைப் பொத்திக்கினாங்க. நான் சொன்னேன் அவங்களுக்காக. அப்புறம் ஷேர் ஆட்டோ புடிச்சு திருச்சானூர். தாயார் எதிர்ல அந்த ஒரு செகண்ட் நின்னேன். கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அழுகைதான் வந்துச்சு.

பொறாமை இன்னும் எனக்கு வருது. அடுத்தவளுக்குக் கிடைக்கிறதைப் பாத்தா சுருக்குன்னு குத்தும். இப்போ அதை அடக்கறதில்ல. எனக்கு இன்னா இல்லன்னு அது காட்டுதுன்னு எடுத்துக்கினு, வாய்விட்டுக் கேக்கறேன். வீட்லயும் கேக்கறேன், தாயார்கிட்டயும் கேக்கறேன்.

படிக்கிற அக்கா தங்கச்சிங்களே, தீட்டுன்னு தள்ளி நின்னாலும் தாயார் காதுக்கு உங்க குரல் போவும். ஆனா மொட்டையா வேண்டாதீங்க. எங்க வலி, எத்தனை நாளா, எல்லாம் சொல்லி வேண்டுங்க. கோயிலுக்குப் போக முடியலன்னா போறவகிட்ட சொல்லி அனுப்புங்க, அவ உங்களுக்குப் புடிக்காதவளா இருந்தாலும். எங்க மாமியாருக்கு வர்ற வாரம் ஆபரேஷன். அவங்களுக்காக நீங்களும் ஒரு வார்த்தை வேண்டிக்குங்க. கர்ப்பப்பை எறக்கம்னு சொல்லியே வேண்டுங்க. அவங்களே அப்டி எழுதச் சொன்னாங்க.