கோமதி அக்காவின் சம்சயம்

கோமதி அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் சுதா போனில் சொன்னபோது, "டாக்டர் வந்து பார்த்தாரா?" என்றுதான் கேட்டேன். அழ வேண்டிய நேரத்தில் கேட்கிற கேள்வியில்லை. ஆனால் கரமனையில் அந்த வீட்டை அறிந்தவர்கள் என்னைக் கோபிக்கமாட்டார்கள். "அம்மாவும் இதைத்தான் கேட்டிருப்பா" என்றாள் சுதா.

திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தில் அவருடன் நெடுங்காலம் ஒரே அறையில் வேலை பார்த்தேன். எதைப் புதிதாகக் கண்டாலும் "எனக்கொரு சம்சயம்" என்று தொடங்குவார். மலையாளத்தில் சந்தேகத்தை அப்படித்தான் சொல்வார்கள். அக்காவின் கரமனை அக்கிரகாரத் தமிழிலும் அது ஊறிப்போயிருந்தது. தொண்ணூறுகளில் ஓர் ஓணத்துக்கு அலுவலக வாசலில் பூக்களம் என்கிற பூக்கோலம் போட்டோம். நீலத்துக்குப் பூ கிடைக்காமல் சாயமேற்றிய தேங்காய்த் துருவலைக் கொட்டியிருந்தார்கள். அக்கா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். "இந்த நீலம் எந்தச் செடியில பூத்தது? மழை பெஞ்சா எங்க போகும்?" மறுநாள் அவரே ஒரு பை நிறையச் சங்குப்பூ கொண்டுவந்தார். அது யார் வீட்டு வேலியில் பறித்தது என்று எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு, கேட்கவில்லை.

எங்கே போகும் என்பதுதான் அவருடைய தீராத கவலை. கரமனையாற்றில் தினமும் குளிப்பவர் அவர். தெருவில் ஒரு கல்யாணம் முடிந்தால் மறுநாள் பிளாஸ்டிக் கப்புகள் படித்துறையில் வந்து ஒதுங்கும். கல்யாண வீடுகளில் ஏறி இறங்கி, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். "உங்காத்துக் கல்யாணத்தில பாக்கறோம்" என்று தெருவே காத்திருந்தது. இவ்வளவு பேசுகிறவர் என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று நானும் காத்திருந்தேன்.

சுதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் தகப்பனார் திருநெல்வேலிக்காரர். "உங்களுக்குப் பிளாஸ்டிக் ஆகாதாமே" என்று, மணமக்கள் பெயர் அச்சிட்ட காகிதக் கப்புகளை மூட்டையாக முன்கூட்டியே அனுப்பிவைத்தார். ஊர் மெச்சியது. அக்கா ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டார். காகிதம் கூழாகிப் போனது. உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும் மிஞ்சியது.

சம்பந்தி கொடுத்ததைக் குறை சொன்னால் கல்யாணம் நடக்குமா? காப்பி ஆறிப்போனதற்கே பந்தலை விட்டு எழுந்துபோன சம்பந்திகள் உண்டு. அக்கா வாயைத் திறக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் எவர்சில்வர் டம்ளர்களை வாங்கிவந்தார். "சம்பந்திக்குக் காகிதத்தில குடுக்கறது மரியாதையில்லைன்னு சொல்லிக்கலாம், கேட்டியா விஜயா."

பாத்திரங்களில் பெயர் வெட்டிவைக்கும் நம் வழக்கத்தை இருவருமே மறந்துவிட்டோம். கல்யாணத்துக்கு முந்தைய மாலை, காப்பி குடிக்கப்போன சம்பந்தி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் 'அமரர் வெங்கடாசலம் நினைவாக' என்று வெட்டியிருந்தது.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்தில எனக்கு இதையா குடுக்கறது? நான் அனுப்பின கப் எங்கே? வேணும்னு பண்ணினதா?" என்று எழுந்துவிட்டார். நாகஸ்வரம் நின்றது. உள்ளே சுதா அழும் சத்தம் கேட்டது.

அக்கா அந்த டம்ளரை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். "வேணும்னு பண்ணினது கப்பை மாத்தினது மட்டுந்தான். இந்த டம்ளர் வந்தது என் தப்பு" என்றார். உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இது உங்க கப்புக்குள்ள இருந்ததாக்கும். என் பொண்ணு கல்யாணத்துக் குப்பை ஆத்தில மிதக்கறதைப் பாக்க எனக்கு மனசு வரல்லை."

சம்பந்தியும் லேசில் நம்புகிறவர் அல்லர். இன்னொரு கப்பை வரவழைத்து, கிழித்து, விளக்குக்கு நேரே பிடித்து, நகத்தால் தாமே உரித்துப் பார்த்தார். "கடைக்காரன் முழுக்கக் காகிதம்னு சொன்னானே" என்றார் கடைசியில். பிறகு உட்கார்ந்தார். "வேற டம்ளர் குடுங்கோ. பேரைப் படிச்சுட்டுக் குடுங்கோ."

மறுநாள் தாலி ஏறியது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து உலகத்தையே சந்தேகப்பட்டார்கள். அவர் ஊரிலிருந்து வரும்போதெல்லாம், கிழக்கேகோட்டையில் எந்தக் கடையிலாவது துணிப்பை என்று நீட்டினால், ஓர் இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுவார்கள். துணியானால் சாம்பலாகும், பிளாஸ்டிக்கானால் உருகும். பாவம், கடைக்காரர்கள்.

நேற்று அக்காவை எடுப்பதற்கு முன் சம்பந்தி வாசலில் நின்றிருந்தார். வந்த மலர்வளையம் ஒவ்வொன்றையும் வாங்கி, பளபளக்கும் தாளையும் ரிப்பனையும் தெர்மோகோலையும் பிரித்தெடுத்துவிட்டு, பூவை மட்டும் உள்ளே அனுப்பினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. என் மல்லிகை மாலையையும் வாங்கி, கட்டியிருந்ததை இழுத்துப் பார்த்தார்.

"வாழைநார்தானா?"

"ஆமா மாமா."

அவர் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார். கண்ணீர் நின்றபாடில்லை.

"எனக்குத் தெரியல்லை. நீயே கொண்டுபோய் அவா கிட்ட காட்டு" என்றார்.

கொண்டுபோய்க் காட்டினேன். நார்தான் அக்கா. நம்பிப் போய் வாருங்கள்.