எட்டாவது வீட்டின் முறை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறவள் அவள். அந்தக் கட்டிடத்துக்குக் குடிவந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பிழைக்க வந்த இந்த ஊரில் இது மூன்றாவது வீடு. முதல் இரண்டிலும் அக்கம்பக்கத்தார் புகார் சொல்லிச் சொல்லியே வீட்டுக்காரரைக் காலி பண்ணச் சொல்ல வைத்துவிட்டார்கள். இதுவும் போனால், நாயாய் அலைந்து மகளுக்கு வாங்கிய பள்ளிக்கூட இடமும் போய்விடும். அந்தப் பயத்திலேயே நாள் ஓடியது.

மற்ற ஏழு வீட்டில் ஒருத்தராவது சிரிக்க வேண்டுமே! எதிரே வந்தால் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எப்படியாவது நல்ல பேர் வாங்க வேண்டும் என்று, தினமும் விடியுமுன் எழுந்து நான்கு மாடிப் படிக்கட்டையும் துடைத்தாள். துடைப்பது யார் என்று கேட்டால்தானே சொல்ல? யாரும் கேட்கவில்லை.

அன்று காலை கீழ்வீட்டுத் தையற்காரம்மா அவளை வாளியும் கையுமாகப் பிடித்துவிட்டாள்.

"சாயங்காலம் எல்லாரும் உங்க வீட்டுக்கு வர்றோம். வீட்ல இருங்க."

காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். வேலையில் ஒரு போர்வையையும் உருப்படியாக மடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"இப்ப எதுக்குடி?" என்றான் புருஷன்.

"அவங்க காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே மூட்டை கட்டிடலாம்." கொடியில் கிடந்த துணிகளை உருவிப் பெட்டிக்குள் திணித்தாள்.

ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ஏழு வீட்டாரும் படியில் நின்றார்கள். மேல்மாடி பஸ் டிரைவர் ஆரம்பித்தார்.

"தினமும் படி துடைக்கிறது நீங்கதானா?"

"ஆமாங்க. தப்புன்னா..."

"தப்புதான். இங்க வாரத்துக்கு ஒரு வீடுன்னு முறை இருக்கு. முறைக்காரங்க போனா படி ஏற்கனவே பளபளன்னு கிடக்கு. யாரு குத்திக்காட்டுறதுன்னு நாங்க ஒருத்தரையொருத்தர் சந்தேகப்பட்டு, பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. எங்களுக்குக் கையில்லையா?"

"ஐயோ, குத்திக்காட்டலீங்க! துரத்திடுவீங்களோன்னுதான்..." திறந்து கிடந்த பெட்டியைக் கை காட்டினாள். டிரைவர் திருதிருவென்று விழித்தார்.

தையற்காரம்மா அப்போதும் சிரிக்கவில்லை. ஒரு தாளை நீட்டினாள். படி துடைக்கும் முறைப் பட்டியல்; எட்டாவதாக, புது மையில் இவர்கள் வீடு. தாளின் மேல் ஒரு சாவி.

"துடைப்பம் வைக்கிற அலமாரிச் சாவி. குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான் குடுப்போம். அடுத்த வாரம் உங்க முறை. அப்புறம் எட்டு வாரம் கழிச்சு. நடுவுல படியில கை வச்சீங்க, கெட்ட கோபம் வரும்."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எட்டு வாரம் கழிச்சும் நாங்க இங்க இருப்போமா?"

"பின்ன? உங்க முறைய வேற யாரு செய்வா?" என்றாள் தையற்காரம்மா.