உப்புக் குவியலில் கரும்புகை

என் கொழுந்தனார் தன் டீசல் பிக்கப்புக்குப் புது சைலன்சர் மாட்டி, இன்ஜினையும் டியூன் செய்துகொண்டு, இன்று காலை நேராக எங்கள் உப்பளத்துக்கு வந்து நின்றார்.

"அண்ணி, இனிமே லோடு ஏத்துனா கூட வண்டி சும்மா பறக்கும். சவுண்ட கேளுங்க!"

ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். பின்னாலிருந்து கரும்புகை குப்பென்று கிளம்பி, வியாபாரிக்காக வாரி வைத்திருந்த வெள்ளை உப்புக் குவியலின் மேல் இறங்கியது.

எங்களிடம் வேலை செய்யும் செல்வி அக்கா குவியலை ஒரு சுற்று சுற்றி வந்தார். "ஏம்பா, இத உப்புன்னு விக்கிறதா, மெளகுத்தூள்னு விக்கிறதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து ஊரான கூனிமேட்டைத் தாண்டிவிட்டதாக வியாபாரி போன் செய்திருந்தார். அவர் வேண்டாமென்று திரும்பிவிட்டால் ஒரு வாரப் பாடு வீண்.

கொழுந்தனார் கூடையை எடுத்தார். கரி படிந்த மேலுப்பை வெயிலில் நின்று அவரே சுரண்டினார். செல்வி அக்கா கொட்டகை நிழலில் உட்கார்ந்துகொண்டு, "அந்தாண்ட இன்னும் இருக்குது தம்பி" என்று கை காட்டினார்.

வியாபாரி வந்தார். உப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, "நல்ல வெள்ளையா இருக்குதே" என்றார். பிறகுதான் முகமெல்லாம் கரியாக நின்றவரைக் கவனித்தார்.

"இவருக்கு என்னாச்சு?"

"பவர் ஜாஸ்தி ஆயிடுச்சுங்க" என்றார் செல்வி அக்கா.

"அண்ணி, இத பேஸ்புக்ல போட்டுடாதீங்க" என்று கெஞ்சினார் கொழுந்தனார். பெயரைப் போட மாட்டேன் என்றேன். போடவில்லை.

எனக்கு ஒரே கொழுந்தனார்தான் என்பது தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் அவரை டேக் செய்ய வேண்டாம்.